ஞாயிறு பாடிவிட்டு வந்து திங்கள் கத்துகிறேன்: பொறுமை, சந்தோஷம் பற்றி ஒரு தங்கச்சிக்குப் பதில்

கிளிநொச்சிக்குக் கிட்ட இருந்து ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருந்தார். இரண்டு பிள்ளைகள். கணவர் மேசன் வேலைக்கு விடியவே வெளிக்கிட்டுவிடுவார். இவர் தையல் வேலைக்குப் போகிறார். அவர் எழுதியதன் சுருக்கம் இது:

"சேர், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் 'கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்' என்று கேட்டுவிட்டு வருகிறேன். திங்கள் காலை பம்ப் தண்ணீர் இழுக்காது. மகன் ஒற்றைச் சப்பாத்தைத் தேடுவான். பஸ் நிற்காமல் போகும். பின்னேரம் களைத்து வந்தால் மாமி ஒரே கேள்வியைப் பத்துத் தரம் கேட்பா: 'தம்பி வந்திட்டானோ?' அவரின் கடைசி மகன் 2009 இல் காணாமல் போனவர். நான் கத்திவிடுகிறேன். பதினாறு வயதில் அவ்வளவையும் தாங்கி வந்தவள், இப்போது கறிச்சட்டி அடிப்பிடித்ததற்கு நின்று அழுகிறேன். என் விசுவாசம் பொய்யா? சந்தோஷமாக இருப்பதுபோல நடிக்கத்தான் வேண்டுமா?"

தங்கச்சி, முதலில் இரண்டு கேள்விக்கும் நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் விசுவாசம் பொய் இல்லை. நடிக்கவும் வேண்டாம். நடிப்பைப் பெரியவர்கள் நம்பினாலும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், அம்மாவின் முகம் அவர்களுக்கு அத்துப்படி.

அந்த வசனத்தை நாங்கள் தனியே வெட்டி எடுத்து, கலண்டரில் அடித்துச் சுவரில் மாட்டிவிட்டோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அது பிலிப்பி சபைக்குப் பவுல் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் வருகிறது. பிலிப்பியர் 4 ஆம் அதிகாரத்தைத் திறந்து இரண்டு வசனம் மேலே போய்ப் பாருங்கள். "கர்த்தருக்குள் ஒரே சிந்தையாயிருக்க எயோதியாளுக்கும் புத்திசொல்லுகிறேன், சிந்திகேயாளுக்கும் புத்திசொல்லுகிறேன்" என்று இருக்கும். சுவிசேஷத்துக்காகப் பவுலோடு சேர்ந்து பாடுபட்ட இரண்டு பெண்கள், ஏதோ ஒரு விசயத்தில் மனம் முறிந்து நிற்கிறார்கள். சபை முழுக்கக் கேட்க வாசிக்கும் கடிதத்தில் பெயர் சொல்லி எழுதும் அளவுக்கு அது முற்றியிருக்கிறது. அந்தச் சண்டையைப் பற்றி எழுதிய மை உலர முதலேதான் "சந்தோஷமாயிருங்கள்" வருகிறது. எழுதியவர் விலங்கோடு இருக்கிறார், எழுதப்பட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருக்கிறார்கள். எல்லாம் நேராகிய வீட்டுக்கு வந்த வாழ்த்து மடல் இது இல்லை. உங்கள் குசினியைப் போன்ற ஓர் இடத்துக்குத்தான் இது வந்து சேர்ந்தது.

அதே கடிதத்தில் இன்னொரு வரி இருக்கிறது, அதை யாரும் கலண்டரில் போடுவதில்லை. எப்பாப்பிரோதீத்து என்ற உடன்வேலையாள் வருத்தம் வந்து சாகக் கிடந்தார். கடவுள் அவருக்கு மட்டுமல்ல, "துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு, எனக்கும் இரங்கினார்" என்று பவுல் எழுதுகிறார். இன்னொரு துக்கம் வந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டேன் என்று ஒத்துக்கொள்கிற மனிதர்தான் சந்தோஷமாயிருங்கள் என்றும் சொல்கிறார். அவருடைய சந்தோஷத்துக்குள் துக்கத்துக்கும் இடம் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு அவர் சொல்லும் காரணமும் ஒன்றே ஒன்றுதான்: "கர்த்தர் சமீபமாயிருக்கிறார்." நிலைமை நல்லது என்று அவர் சொல்லவில்லை. கிட்ட ஓர் ஆள் நிற்கிறார் என்றார்.

இனி அந்தக் கறிச்சட்டி.

அதைத் தாங்கினேன், இதைத் தாங்க முடியவில்லையே என்ற கேள்வியை வன்னியில் நான் கேட்டது இது முதல் தரம் இல்லை. பதுங்குகுழிக்குள் பிள்ளை பெற்றவர்கள், ஒரு பை உடுப்போடு இடம் மாறி மாறி நடந்தவர்கள், இப்போது வரிசையில் ஒருவர் முந்திவிட்டால் நடுங்குகிறார்கள். 2022 இல் எரிபொருள் வரிசைகளில் இதை நிறையப் பார்த்தேன். இதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இரண்டு. பெரிய துன்பம் வந்தபோது எல்லாரும் சேர்ந்து அதற்குள் நின்றோம். ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தோம், வாய்விட்டுச் செபித்தோம், அழுதால் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அடிப்பிடித்த சட்டிக்கு முன்னால் நீங்கள் தனியே நிற்கிறீர்கள். அதற்காக யாரும் செபக்கூட்டம் வைப்பதில்லை. மற்றக் காரணம் உடம்பு. அவ்வளவு காலம் பயத்தோடு இருந்த உடம்பு லேசில் அடங்காது. நித்திரை முறிவது, சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது, சட்டென்று சினம் வருவது, இவையெல்லாம் போருக்குள்ளால் வந்தவர்களிடம் வைத்தியர்கள் காணும் அடையாளங்கள். உங்களுக்கு நித்திரையும் சரியில்லை என்றால், கிழமைக் கணக்காக இது குறையவில்லை என்றால், உளநல வைத்தியரிடம் போங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தும் கதைக்கலாம், அது தேசிய உளநல உதவி இலக்கம். காய்ச்சலுக்குப் பனடோல் போடுவதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்வதில்லை, இதுவும் அப்படித்தான். வெறும் களைப்பைப் பாவம் என்று சொல்லி ஒரு தாயின் தலையில் ஏற்றிவிடும் பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது பொறுக்காது.

உடம்பின் பங்கு போக மீதி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

13 ஆம் நூற்றாண்டில் தோமா அக்வினாஸ் என்ற இறையியல் அறிஞர் பொறுமையை ஆராய்ந்தபோது ஒரு பிரிவு செய்தார். கோபத்தை அடக்குவது சாந்தம் என்ற குணத்தின் வேலை. பொறுமையின் வேலை வேறு, அது துக்கத்தோடு சம்பந்தப்பட்டது. துக்கம் வரும்போது அதனால் தள்ளுண்டு நல்லதைக் கைவிட்டு ஓடாமல் நிற்பதுதான் பொறுமை என்றார். கலாத்தியர் 5 இல் ஆவியின் கனிகளை எண்ணும்போதும் நீடியபொறுமை ஒரு பக்கம், சாந்தம் இன்னொரு பக்கம் என்று தனித்தனியேதான் வருகின்றன. இதை முதலில் வாசித்தபோது எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸுக்கும் பம்புக்கும் வருவது கோபம்தானே, துக்கம் எங்கே வந்தது?

அது விளங்கியது றோட்டில் நெல் காயப்போட்ட ஒரு நாளில். 2018 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும், இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்த நேரம். எங்கள் வயலில் பாதிக்கு மேல் தண்ணீருக்குக் கீழே போனது. மிஞ்சியதை மாசியில் வெட்டி, தார் றோட்டுக் கரையில் படங்கு விரித்துப் பரப்பியிருந்தோம். பின்னேரம் மூன்று மணிபோல மேற்கே இருண்டது. மகனைச் சாக்கு எடுத்துவர அனுப்பியிருந்தேன், ஆளைக் காணவில்லை. முதல் துளிகள் றோட்டில் விழுந்து, ஒவ்வொன்றும் ஒரு சதம் அளவு கறுப்புப் பொட்டாகத் தெரிந்தது. நான் வெறுங்காலோடு நெல்லைக் கூட்டி அள்ளுகிறேன், மணிகள் பாதத்தில் ஒட்டி விரல் இடுக்கில் குத்துகின்றன. அவன் சைக்கிளில் வந்து சேர்ந்ததும், றோட்டில் போன சனம் நின்று பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சாக்கின் வாயை விரித்துப் பிடித்தான். அந்தக் கையில் இரத்தம். சாக்குக் கட்டை இழுத்து எடுக்கும்போது தகரம் வெட்டியிருந்தது.

மழை பத்து நிமிடத்தில் விட்டுவிட்டது. நனைந்தது நாலு மூடை வரும். அன்று இரவு கிணற்றடியில் இருந்து யோசித்தேன். நாலு மூடை நெல்லுக்கா அப்படிக் கத்தினேன்? மனைவியின் காப்பு இரண்டும் அடகில் இருந்தன. அந்த அறுவடையில் மீட்டுத் தருவேன் என்று சொல்லியிருந்தேன், மீட்க முடியாது என்று வெள்ளம் வந்த அன்றே எனக்குத் தெரியும். அந்தத் துக்கத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, கடவுளிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதம் நெஞ்சுக்குள் கிடந்து, மகன் சைக்கிளை நிறுத்திய நேரம் சத்தமாக வெளியே வந்தது.

அன்றிலிருந்து எரிச்சல் வரும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டுப் பழகுகிறேன்: இப்போது எனக்கு எது இல்லாமல் போனது? சும்மா கேட்டுப் பாருங்கள், பதில் வரும். பஸ் நிற்காமல் போனபோது போனது அரை மணி நேரம் மட்டுமா, அல்லது என்னை ஓர் ஆளாகக் கண்டு நிறுத்துவார்கள் என்ற மரியாதையுமா? சப்பாத்தைத் தேடும்போது, ஒருவராவது எனக்குக் கைகொடுக்கலாமே என்ற ஏக்கமா? பதிலைக் கண்டுபிடித்தால் அதைச் செபத்தில் சொல்லலாம். "ஆண்டவரே, எனக்குப் பொறுமை தாரும்" என்ற செபத்தை நான் இப்போது குறைத்துக்கொண்டேன். "ஆண்டவரே, எனக்குக் கைகொடுக்க ஆள் இல்லை" என்ற செபம் நேர்மையானது. சங்கீதங்களில் பல அப்படித்தான் இருக்கின்றன. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13 ஆம் சங்கீதம் தொடங்குகிறது. முறையிட்டவனை அங்கே யாரும் வாயை மூடச் சொல்லவில்லை. அதே சங்கீதம் ஆறே வசனத்தில் பாட்டில் வந்து முடிகிறது.

இயேசுவுக்கே அலுத்த நேரம் உண்டு. மாற்கு 9 இல், சீஷர்களால் ஒரு பையனைக் குணமாக்க முடியாமல் சனமும் வாதாட்டமுமாக இருந்த இடத்தில், "எதுவரைக்கும் உங்களிடத்தில் பொறுமையாய் இருப்பேன்?" என்று கேட்கிறார். அது நாங்கள் தினம் சொல்லும் வசனம்தானே! அடுத்ததாக அவர் சொன்னதைக் கவனியுங்கள்: "அவனை என்னிடத்தில் கொண்டுவாருங்கள்." அலுப்பும் உண்மை, நீட்டிய கையும் உண்மை.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் பொறுமைக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. மக்ரோத்துமியா என்றால் சினம் மூள நெடுநேரம் எடுப்பது. எங்கள் பழைய வேதாகமத்தில் அது பெரும்பாலும் நீடிய பொறுமை. ஹுப்பொமொனே என்றால் பாரத்துக்குக் கீழே விலகாமல் நிற்பது. யாக்கோபு 5 இல் பயிரிடுகிறவனைப் பற்றிச் சொல்லும்போது வருவது முதல் சொல்: "முன்மாரியும் பின்மாரியும் வருமளவும், நீடிய பொறுமையோடே காத்திருக்கிறான்." பலஸ்தீனத்தில் முன்மாரி நிலத்தை இளக்கி விதைக்க வைக்கும், பின்மாரி அறுவடைக்கு முன் மணியை முற்ற வைக்கும். இதை விளக்கப் பட்டணத்துப் பிரசங்கியார் பாடுபடுவார். எங்களுக்கு விளக்கம் தேவையில்லை. காலபோகத்துக்கு, அதாவது மாரிக்கால நெல்லுக்கு, புழுதி விதைப்புச் செய்தவர் வீட்டுப் பிள்ளை நீங்கள் என்று எழுதியிருந்தீர்களே. மழையே இல்லாத வெறும் புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் அந்த இரண்டு கிழமை உங்களுக்குத் தெரியும். உங்கள் அப்பா அந்த நாட்களில் கையைக் கட்டிக்கொண்டா இருந்தார்? வரம்பு கட்டினார், வாய்க்கால் வெட்டினார், பன்றி வராமல் வேலி அடைத்தார். மழையைத்தான் அவரால் கொண்டுவர முடியாது. கையில் உள்ளதைச் செய்துகொண்டு கையில் இல்லாததற்காகக் காத்திருப்பது, இதைத்தான் யாக்கோபு சொல்கிறார்.

இந்த இடத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொறுமை என்ற சொல்லைப் பெண்களின் வாயை அடைக்க எங்கள் சபைகளில் நிறையப் பாவித்திருக்கிறோம். புருசன் அடித்தால் பொறு, முதலாளி சம்பளத்தை இழுத்தடித்தால் பொறு, காணிப் பத்திரத்துக்கு ஏழாம் தரமும் நாளைக்கு வா என்றால் பொறு. வேதம் அப்படிச் சொல்லவில்லை. லூக்கா 18 இல் வரும் விதவை அநீதியான நியாயாதிபதியின் வாசலை விடாமல் தட்டினாள், இயேசு அவளைத்தான் செபத்துக்கு உதாரணமாகக் காட்டினார். ஹுப்பொமொனே என்ற சொல்லுக்கு ஒரு படம் வேண்டுமென்றால் நான் காட்டுவது கிளிநொச்சி கந்தசாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20 ஆம் தேதி காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு குந்திய தாய்மாரை. அவர்களில் பலர் சைவர்கள், சிலர் எங்களவர்கள். பதில் கிடைக்காமலே பலர் கண்ணை மூடிவிட்டார்கள். அவர்கள் பேசாமல் இருக்கவும் இல்லை, இடத்தை விட்டு எழும்பவும் இல்லை. உங்கள் வீட்டில் அநியாயம் என்று ஏதாவது இருந்தால் அதைப் பொறுமையின் கணக்கில் எழுதாதீர்கள், எதிர்த்துக் கதையுங்கள். நான் இங்கே பேசுவது பம்பையும் சப்பாத்தையும் பற்றி.

பம்ப் பற்றிச் சொன்னீர்கள். அநேகமாக குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் பிடிக்கும் புட்வால்வுக்குள் இலையோ சின்னக் கல்லோ சிக்கியிருக்கும், இரவில் குழாய்த் தண்ணீர் கிணற்றுக்குள்ளேயே இறங்கிவிடும். ஞாயிறு பின்னேரம் கணவரைக் கொண்டு குழாயைத் தூக்கிக் கழுவுங்கள். அதுவரைக்கும் இரவே ஒரு வாளி தண்ணீர் நிரப்பிப் பம்படியில் வையுங்கள். காலையில் குழாய்க்குள் அதை ஊற்றினால்தான் பம்ப் இழுக்கும், வெறும் குழாயில் காற்றைத்தான் இழுக்கும். மனதுக்கும் அப்படி ஒரு வாளி இரவே வேண்டும் என்று நினைக்கிறேன். நான் செய்வது இவ்வளவுதான்: படுக்கமுன் அன்று நடந்ததில் ஒரு நல்லதை வாய்விட்டுச் சொல்வது. பெரிதாக இருக்கத் தேவையில்லை. "இண்டைக்கு மழைக்குப் பிறகு மண் வாசம் வந்தது, ஆண்டவரே, நன்றி." காலையில் எழும்பியதும், சினம் தொடங்க முதலே அதை ஒருக்கால் நினைப்பது. சந்தோஷத்தைக் கடைசியில் கிடைக்கும் சம்பளம் என்று நினைத்துக் காத்திருந்தால் அது வராது. பவுலும் "மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்றுதான் எழுதினார். கற்க நாள் எடுத்திருக்கும்.

நான் கத்தோலிக்கன் இல்லை, ஆனாலும் பிரான்சில் லிசியே என்ற ஊரில் இருந்த சிறுமலர் தெரேசாவிடம் ஒரு விசயம் கற்றேன். 1897 இல், 24 வயதில் காசநோயில் இறந்த கன்னியாஸ்திரி. மடத்தில் எல்லாரும் சேர்ந்து துணி துவைக்கும்போது முன்னால் நின்ற சகோதரி, துணியைத் தூக்கும் ஒவ்வொரு தரமும் அழுக்குத் தண்ணீரை இவர் முகத்தில் தெறிக்க வைப்பார். பின்னால் விலகி, முகத்தை நன்றாகத் துடைத்து, "பார், என்ன செய்கிறாய்" என்று காட்ட வேண்டும்போல இருந்ததாம். அவர் அதைச் செய்யவில்லை. எனக்குப் பிடித்தது அவர் விலகாமல் நின்றதைவிட, துடைத்துக் காட்ட ஆசை வந்தது என்று மறைக்காமல் எழுதியதுதான். எங்கள் வீடுகளில் பாத்திரத்தை டமார் என்று வைப்பதும் அதே ஆசைதானே.

பிள்ளைகளிடம் கத்திவிட்டால் அன்றே மன்னிப்புக் கேளுங்கள். குழைந்து நீட்ட வேண்டாம். "அம்மா கத்தினது பிழை, உன்னில கோவம் இல்லை, களைப்பு" என்றால் போதும். நெல் நனைந்த அன்று இரவு நான் மகனின் கைக்கு மருந்து கட்டிக்கொண்டு அப்படிச் சொன்னேன். முப்பது வருடம் ஓய்வுநாள் பாடசாலையில் நான் படிப்பித்தது அவனுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது, அது நினைவிருக்கிறது என்று பிறகு சொன்னான்.

கடைசியாக மாமி. நீங்கள் அதைப் பட்டியலில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள், ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். வயதில் நினைவு கழலும்போது கேட்ட கேள்வி மறந்துபோகும், ஆனால் கேள்விக்குக் கீழே இருக்கும் வலி மறக்காது. அவவுக்கு ஒவ்வொரு தரமும் அது முதல் தரம். உங்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் வருகிறது என்று நீங்களே கேட்டுப் பார்த்தீர்களா? அந்தத் தம்பி உங்களுக்கும் மச்சான். அவரைப் பற்றி அந்த வீட்டில் மாமியைத் தவிர வேறு யாரும் வாய் திறப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

இல்லை என்று சண்டை பிடிக்க வேண்டாம், நாளைக்கு வருவான் என்று பொய்யும் சொல்ல வேண்டாம். பத்துத் தரமும் உங்களால் முடியாது, அதைக் கடவுள் கேட்கவும் மாட்டார். ஒரு தரம் மட்டும், முதல் தரம் கேட்கும்போது, அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு அவவுக்குப் பக்கத்தில் இருங்கள். "இன்னும் வரேல்லை மாமி. அவருக்கு என்ன கறி விருப்பம்?" என்று கேளுங்கள். அவ சொல்லத் தொடங்குவா. பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், அவர்கள் தங்கள் சித்தப்பாவைப் பற்றி இன்னும் ஒன்றும் கேட்டதில்லை.